மீன் ஆய்வதும் ஓர் ஆய்வே!



ஒரு முயலின் வயிற்றிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் தேரிகள் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். காற்று கொண்டு வந்து குவித்த செம்மணல் மேடுகளே தேரிகள். பனையும் உடைமரமும் நிற்கும் அந்த மணற்காட்டில் காட்டு முயல்கள் உண்டு. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பொங்கல் கழிந்த ஒரு நாளில், உறவினர் ஒருவர் தேரியிலிருந்து ஒரு முயலை அடித்துக்கொண்டு வந்தார். காட்டு முயலை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எங்கள் ஊரில் அன்று அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆகவே நீங்கள் அந்தத் தவறைச் செய்யமாட்டீர்கள்.

முயலின் வயிற்றைக் கீறியபோது நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். குடலைப் பிணைத்திருக்கும் மெல்லிய சவ்வில், வெந்த ஜவ்வரிசியைப் போல, சின்னஞ்சிறு நீர்க்குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு குமிழியின் உள்ளேயும் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"இது என்ன ஆச்சி?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லல. நாய்க்குத் தூக்கிப் போடு" என்றார் ஆச்சி.

போட்டேன். நாய் ஒரே வாயில் விழுங்கிவிட்டது. அன்றைய குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் "அது ஒண்ணுமில்ல" என்ற அந்தப் பதில்தான் இன்று இந்தக் கட்டுரையை எழுதவைத்திருக்கிறது. அது சரியான பதில்தானா?

நாய்க்குப் போட்டது சரியா?

ஜெர்மனியைச் சேர்ந்த கூக்கன்மைஸ்டர் என்ற மருத்துவருக்கும் இதே ஐயம் எழுந்தது. முயலின் வயிற்றில் காணப்படும் நீர்க்குமிழிகளை அந்தக் காலத்து அறிஞர்கள் தனியொரு புழுவகை என்று கருதி, அதற்குத் தனிப்பெயரும் வைத்திருந்தார்கள். சிலர் அவை உடலில் தாமாகவே உண்டாகின்றன என்றுகூடச் சொன்னார்கள். கூக்கன்மைஸ்டர் 1850-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார். முயலிலிருந்து எடுத்த குமிழிகளை நாய், நரி இனத்து விலங்குகளுக்குத் தின்னக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து அவற்றின் குடலைத் திறந்து பார்த்தார். அங்கே நாடாப்புழுக்கள் வளர்ந்திருந்தன!

குமிழிக்குள் இருந்த வெள்ளைப் புள்ளி, நாடாப்புழுவின் தலை. முயல் அதற்கு ஒரு தங்கல்மனை. நாயின் குடல்தான் அது போய்ச் சேரவேண்டிய வீடு. நாயின் குடலில் வளர்ந்த புழு முட்டையிடும். முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லில் ஒட்டும். புல்லை முயல் மேயும். முட்டை மீண்டும் குமிழியாகும். இப்படி ஒரு வட்டம்.

இப்போது எங்கள் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள். நாங்கள் நாய்க்கு விருந்து வைத்தோம் என்று நினைத்தோம். உண்மையில், அந்தக் குமிழிகள் நான் நினைப்பவையாக இருந்திருந்தால், புழுவுக்கு வண்டி பிடித்துக் கொடுத்து வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். "இருந்திருந்தால்" என்று ஏன் சொல்கிறேன்? உறுதியாகச் சொல்ல இன்று வழியில்லை. சாட்சியை நாய் விழுங்கிவிட்டது.

ஒரு புள்ளி, இரண்டு காரணங்கள்

முயலைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். முயலை அறுப்பவர்கள் சில வேளை அதன் ஈரலில் வெள்ளைப் புள்ளிகளைக் காண்பதுண்டு. 1674-ஆம் ஆண்டிலேயே, ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், தாமே செய்த நுண்ணோக்கியால் ஒரு கிழட்டு முயலின் பித்தநீரைப் பார்த்து, அதில் முட்டை வடிவமான சிறு பொருள்கள் மிதப்பதாக எழுதினார். ஈரலில் வெள்ளை முடிச்சுகளை உண்டாக்கும் ஓர் ஒட்டுண்ணியின் உறைகளே அவை என்று இன்று கருதப்படுகிறது. வளர்ப்பு முயல்களுக்குக் கெட்ட பகை இந்த ஒட்டுண்ணி. ஆனால் மனிதருக்கு அது தொற்றுவதில்லை.

அப்படியானால் வெள்ளைப் புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள்.

1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தரை அணில்களிடையே பிளேக் நோய் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்த மக்காய் என்பவர், பிளேக் போலவே தோன்றி, பிளேக் அல்லாத ஒரு நோயைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே அதற்குக் காரணமான பாக்டீரியா பிடிபட்டது. துலாரே என்ற மாவட்டத்தின் பெயரால் அந்த நோய் பின்னர் துலாரீமியா எனப்பட்டது. காட்டு முயல்களுக்கும் இது வரும். நோய் கண்ட முயலின் ஈரலிலும் மண்ணீரலிலும் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அந்த முயலை உரிப்பவரின் கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். காய்ச்சலும் நெறிகட்டும் வந்துவிடும்.

ஜப்பானில், ஃபுகுஷிமா பகுதியில், ஓஹாரா என்ற மருத்துவரிடம் இப்படிப்பட்ட நோயாளிகள் வந்தார்கள். எல்லாரும் முயலைக் கையாண்டவர்கள். நோய் முயலிலிருந்துதான் வருகிறதா? 1925-ஆம் ஆண்டில் அவருடைய மனைவி தாமே முன்வந்து, செத்த முயலின் இரத்தத்தைத் தம் புறங்கையில் தேய்த்துக்கொள்ள இசைந்தார். அவருக்கும் அதே நோய் வந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். இத்தகைய சோதனையை இன்று எவரும் அனுமதிக்கமாட்டார்கள். நீங்கள் கனவிலும் நினைக்கக்கூடாது.

இது பெரும்பாலும் வட அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியா ஆகிய பகுதிகளின் நோய். நம் தேரி முயலைப் பார்த்து நடுங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஈரலில் வெள்ளைப் புள்ளி என்ற ஒரே அடையாளத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று நமக்குத் தீங்கற்றது, மற்றது உயிருக்கே ஆபத்தானது என்பதைக் காட்டவே சொன்னேன். அடையாளம் என்பது ஒரு கேள்வி. அதையே பதில் என்று எடுத்துக்கொண்டால் ஒன்று வீணாகப் பயப்படுவோம். அல்லது வீணாகத் துணிவோம்.

முத்தை எடுத்தார்கள், சதையை விட்டார்கள்

முயலை விட்டுவிட்டு இனி நம் கடற்கரைக்கு வருவோம். தூத்துக்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓர் உயிரைத் திறந்து பார்த்தே பிழைத்தவர்கள். அது முத்துச்சிப்பி.

பாண்டியரின் கொற்கை முத்தை யவனர்கள் தேடி வந்த கதை உங்கள் வரலாற்றுப் பாடத்தில் இருக்கும். மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து பல கல் தொலைவில், கடலடிப் பாறைகள் மீது முத்துச்சிப்பிகள் கூட்டமாக வாழும். அவற்றைப் 'பார்' என்பார்கள். குளிகாரர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிச் சிப்பிகளை அள்ளி வருவார்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு.

கரைக்கு வந்த சிப்பிகளை என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியுமா? இலட்சக்கணக்கில் அல்லவா இருந்தன! ஆகவே பெரும்பகுதியைக் கொட்டில்களில் குவித்து அழுகவிட்டார்கள். ஈக்கள் மொய்க்கும்; புழுக்கள் சதையைத் தின்னும்; நாற்றம் பல கல் தூரம் வீசும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கடல்நீர் விட்டுக் கழுவி, வண்டலை அலசி முத்துக்களைப் பொறுக்கினார்கள்.

முத்து கிடைத்தது. ஆனால் அந்த முத்து எப்படி உண்டானது என்ற செய்தி சதையில் அல்லவா இருந்தது? அது அழுகிக் கழுநீரோடு போயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கான சிப்பிகளைக் கையாண்டும், முத்தின் பிறப்பு நமக்குப் புதிராகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. சுவாதி நட்சத்திர நாளில் விழும் மழைத்துளி சிப்பிக்குள் புகுந்து முத்தாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அழகான கதைதான். ஆனால் அழுகாத சிப்பியை ஒருவர் பொறுமையாகத் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கதை அவ்வளவு காலம் நின்றிருக்குமா?

1850-களின் இறுதியில் இலங்கையில் கெலார்ட் என்ற மருத்துவர் அப்படித் திறந்து பார்த்தார். சதைக்குள் புழுக்கள் இருந்தன. முத்துக்கும் இந்தப் புழுக்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஐயுற்றார். 1902-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். ஹார்னெல் அவருக்குத் துணை. பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவர் இதே ஹார்னெல்தான். இவர்கள் சிப்பிகளைத் திறந்தபோது, ஈரலிலும் சதையிலும் வெள்ளையான சிறு உருண்டைகளைக் கண்டார்கள். அவை ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவம். சிப்பியைத் தின்னும் மீன்கள், திருக்கைகள் ஆகியவற்றின் உடலில் அந்தப் புழு தன் வாழ்க்கையைத் தொடரும் என்று கருதினார்கள். சிப்பிக்குள் செத்துப்போன புழுவைச் சுற்றி முத்துப்பூச்சு படிந்தே நல்முத்து உண்டாகிறது என்று ஐந்து தொகுதிகள் கொண்ட அறிக்கையில் எழுதினார்கள். உலகமே வியந்தது. அரசியின் கழுத்து மாலை ஒரு புழுவின் கல்லறை என்றால் வியப்பு வராமல் இருக்குமா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜேம்சன் என்ற விஞ்ஞானி இலங்கை முத்துக்களை வெட்டி ஆராய்ந்து 1912-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிப்பியின் சதையில் புழுக்கள் இருப்பது உண்மை. ஆனால் அவர் ஆராய்ந்த முத்துக்களின் நடுவில் பெரும்பாலும் புழு இல்லை! அருகருகே இருந்த இரண்டு பொருள்களைக் காரணம், காரியம் என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்பது தெரிந்தது.

அப்படியானால் முத்து எப்படி உண்டாகிறது? சிப்பியின் ஓட்டை உருவாக்குவது, சதையைப் போர்த்தியிருக்கும் மேலுறை. அந்த மேலுறையின் செல்கள் ஏதோ காரணத்தால் இடம்பெயர்ந்து சதைக்குள் போய்விட்டால், அங்கே ஒரு பையாக வளரும். தம் தொழிலை அவை மறப்பதில்லை. ஓடு கட்டுவதற்குப் பதில் உருண்டையாகப் பூச்சுப் பூசிக்கொண்டே இருக்கும். அதுதான் முத்து. செல்லை உள்ளே தள்ளிய காரணம் காயமாக இருக்கலாம், புழுவாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் ஜப்பானியர் உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். ஓட்டிலிருந்து செய்த ஒரு சிறு மணியையும், மேலுறையின் ஒரு துணுக்கையும் சிப்பிக்குள் வைப்பதே அந்த வித்தை. 1973-ஆம் ஆண்டில் நம் தூத்துக்குடியிலேயே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் கே. அழகர்சாமி அந்த வெற்றியைப் பெற்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெர்ட்மன் கண்டது தவறான விடை. ஆனாலும் அவர் கண்டதைக் கண்டபடி வரைந்து, எழுதி வைத்தார். அதனால்தான் ஜேம்சனால் அதைச் சோதித்துத் திருத்த முடிந்தது. எழுதி வைத்த தவறைத் திருத்தலாம். அழுகி ஓடிய உண்மையை யார் மீட்பது?

உங்கள் வீட்டு அரிவாள்மனை

முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் நம் கடற்கரையில் எத்தனை மீன்களின் வயிறு திறக்கப்படுகிறது! தெரேஸ்புரத்திலோ, தருவைக்குளத்திலோ, உங்கள் வீட்டுக் கொல்லையிலோ மீனை வெட்டிக் கழுவுவதை நாம் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறோம்? மீன் ஆய்வது என்கிறோம். கீரையையும் ஆய்கிறோம். நல்லது எது, கெட்டது எது என்று பார்த்துப் பிரிப்பதே ஆய்தல். விஞ்ஞானிகள் செய்யும் ஆய்வும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். மீன் ஆய்கின்ற உங்கள் அம்மாவும் ஒருவகையில் ஆய்வாளரே. குறை ஒன்றே ஒன்று: அவர் கண்டது எங்கும் எழுதப்படுவதில்லை.

என்னென்ன காணலாம்? மடவை மீனின் வயிற்றைத் திறந்தால் உட்பக்கம் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். பழகாதவர்கள் மீன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். அது அந்த மீனின் இயல்பான உட்சவ்வு. அதே மீனின் இரைப்பையில் கோழியின் கற்குடல் போல ஒரு கெட்டியான உருண்டை தட்டுப்படும். சேற்றையும் மணலையும் சேர்த்து விழுங்கும் மீனுக்கு அரைக்கும் கருவி வேண்டாமா? இவை விசித்திரமாகத் தோன்றும் இயல்புகள்.

வாளை மீனின் குடல்மீதும் ஈரல்மீதும் வெள்ளை நூலைச் சுருட்டி வைத்தாற்போல் உருளைப்புழுக்கள் இருப்பதுண்டு. சில மீன்களின் சதைக்குள் அரிசி மணிபோல் நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கும். இவை ஒட்டுண்ணிகள். முதலில் சொன்னது போய்ச் சேரும் வீடு பெரும்பாலும் ஓங்கில் அல்லது வேறு பெரிய கடல் உயிர். இரண்டாவதற்குச் சுறாவும் திருக்கையும். கடலில் சுறாவும் திருக்கையும் ஓங்கிலும் இல்லாமற் போனால் இந்தப் புழுக்களும் இல்லாமற் போகும். ஆகவே ஒரு மீனிலுள்ள புழு, அந்த மீனைப் பற்றி மட்டும் பேசவில்லை. யார் யார் அந்தக் கடலில் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. நன்றாகக் கொதித்த குழம்பில் இந்தப் புழுக்கள் பிழைப்பதில்லை.

இன்னும் சில மீன்களின் வயிற்றில் நைலான் வலையின் துண்டும் பிளாஸ்டிக் தாளும் கிடக்கும். அந்த அடையாளம் மீனைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது.

இவற்றுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பேத்தை மீனைத் திறந்தால் புழுவும் இல்லாமல், புள்ளியும் இல்லாமல் ஈரல் பளபளவென்றிருக்கும். ஆனால் அதிலுள்ள நஞ்சு ஆளைக் கொல்லும், சமைத்தாலும் போகாது. பனிக்கட்டி இடாமல் வெயிலில் கிடந்த சூரை மீனின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் அழியாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். அருவருப்பாக இருப்பதெல்லாம் ஆபத்து அல்ல. சுத்தமாகத் தெரிவதெல்லாம் பத்திரமும் அல்ல. ஆகவேதான் கண்ணோடு படிப்பும் வேண்டும் என்கிறேன்.

மூடி வைக்கலாமா?

இதைப் படிக்கும் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "மீனில் புழு இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? நாளைக்கு யார் மீன் வாங்குவார்கள்? மீனவர் வயிற்றில் அடிக்காதீர்கள்!" 

இது நியாயமான கவலை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை வந்த பிறகு, கடல் மீன்கள் பிணங்களைத் தின்றிருக்கும் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பல ஊர்களில் மக்கள் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். படகையும் வலையையும் உறவுகளையும் இழந்து நின்ற மீனவர்களுக்கு அது இரண்டாவது அடி.

ஆனால் அந்த அடியை அடித்தது எது? மீனின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அல்ல. திறந்து பார்க்காமல் பேசியவர்கள். கடற்கரையில் நாள்தோறும் மீன் வயிற்றைப் பார்த்துக் குறித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால், "இதோ பாருங்கள், இந்த மீன் தின்றிருப்பது நெத்திலியும் இறாலும்தான்" என்று குறிப்பேட்டைக் காட்டி அந்த வதந்தியை அடக்கியிருக்கலாம் அல்லவா?

ஹாலந்து நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஹெர்ரிங் என்னும் மீனை இலேசாக உப்பிட்டு, சமைக்காமலே தின்பார்கள். அப்படித் தின்ற சிலருக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தது. மீனிலுள்ள உருளைப்புழுவே காரணம் என்று 1960-ஆம் ஆண்டில் வான் தீல் என்பவரும் அவருடைய தோழர்களும் எழுதினார்கள். மீன் வணிகம் அழிந்ததா? இல்லை. விற்பதற்கு முன் மீனை உறையவைத்துப் புழுவைக் கொல்ல வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. நோய் குறைந்தது. ஹெர்ரிங் இன்றும் அங்கே விருப்பமான உணவுதான். உண்மையைச் சொன்னதால் அவர்கள் மீனையும் காப்பாற்றினார்கள், வயிற்றையும் காப்பாற்றினார்கள்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை உங்களுடையது. ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மீன் ஆயும்போது அருகில் உட்காருங்கள். தேதி, மீனின் பெயர் (உங்கள் ஊர்ப் பெயரே போதும்), எங்கே வாங்கியது, எத்தனை விரற்கடை நீளம், வயிற்றில் என்ன இரை இருந்தது, எந்த உறுப்பில் என்ன வித்தியாசம் கண்டீர்கள் என்று எழுதுங்கள். படம் வரையுங்கள். படம் அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. உண்மையாக இருக்க வேண்டும். ஒன்றும் வித்தியாசமாக இல்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். நூறு மீனில் எத்தனையில் புழு இருந்தது என்று கணக்கிட, புழு இல்லாத மீனின் கணக்கும் வேண்டுமல்லவா?

ஆனால் எச்சரிக்கை மிக அவசியம். கையில் புண்ணோ கீறலோ இருந்தால் தொடாதீர்கள். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கத்தி, பலகை எல்லாவற்றையும் கழுவுங்கள். புழு இருந்த குடலை நாய்க்கும் பூனைக்கும் வீசாமல் மண்ணில் புதையுங்கள். முயலோ, பறவையோ, ஆமையோ, எந்தக் காட்டுயிரோ இறந்து கிடந்தால் அதைத் தொடவே கூடாது. பெரியவர்கள் மூலம் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லி அனுப்புங்கள். அதைத் திறந்து பார்க்க அவர்களுக்குத்தான் பயிற்சியும் உரிமையும் உண்டு.

இரண்டாவது வேலை பள்ளிகளுடையது. உயிரியல் வகுப்பில் மீனின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்கிறோம். அந்தப் படத்திலுள்ள மீனுக்கு எப்போதும் ஒரு குறையும் இருப்பதில்லை! மாதம் ஒருமுறை மாணவர்களின் மீன் நோட்டுகளை வகுப்பில் படித்துப் பார்க்கலாம். விடை தெரியாத கேள்விகளைக் கேட்டனுப்ப, தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரியும் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன.

மூன்றாவது வேலை பெரியவர்களுடையது. மீன் இறங்கும் துறைகளிலும் சந்தைகளிலும் கூலிக்கு மீன் ஆயும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு நாளில் அவர்கள் காணும் மீன் வயிறுகளை ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு மாதத்திலும் காணமாட்டார். "இந்த வருசம் வாளையில பூச்சி கூடுதலா இருக்கு" என்று அவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா, ஏன் என்று அவர்களைத் தேடிப்போய்க் கேட்பவர் யார்? ஒவ்வொரு துறையிலும் ஒரு குறிப்பேடு, எந்தப் புழு எது என்று காட்டும் ஒரு படப்பலகை, வாரம் ஒருமுறை வந்து கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள்: இதற்குப் பெரிய செலவு ஆகாது. கடல் வெப்பமாகிறது, மீன் இடம் மாறுகிறது என்றெல்லாம் இன்று பேசுகிறோம். அந்த மாற்றங்களை முதலில் காணக்கூடிய கண்கள் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் விடுவது, சிப்பிச் சதையை அழுகவிட்டதற்குச் சமம் என்பேன்.

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மீனில் எந்த மாதம் சினை இருக்கும், எந்த மீனின் பித்தப்பை உடைந்தால் கசக்கும், எந்த ஈரலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்றைக்கு முயலின் வயிற்றில் கண்டதை "ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னதற்குக் காரணம் அறியாமை அன்று; அதுவரை யாரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. நான் கேட்டேன், ஆனால் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். "ஏன் ஆச்சி, இதற்கு முன்னால் இப்படிப் பார்த்திருக்கிறீர்களா? எல்லா முயலிலும் இருக்குமா? மழைக்காலத்திலா, வெயில்காலத்திலா?" என்று கேட்டிருந்தால், அவர் எத்தனையோ சொல்லியிருப்பார். இன்று கேட்க அவர் இல்லை.

உங்கள் ஆச்சி இருக்கிறார் அல்லவா? வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் வாங்கினால், நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.